பித்தளை வெட்டாதே

மார்ச் 2, 2094 | 07:40
கிழக்கு விளிம்புப் பட்டறை, நிலவு

லேசர் மெஷின் ஓடுகிறது. குளிர்நீர் 22 டிகிரி. புகை ஃபில்டர் பாதி அடைத்திருக்கிறது, ஒரு வாரம் தாங்கும். நைட்ரஜன் போதும். கவர் கிளாஸ் இரண்டே இரண்டு.

இதை யார் வாசிப்பீர்களோ தெரியாது. எனக்குப் பிறகு இந்த ஸ்டூலில் உட்காருபவர் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் பூமிக்குக் கிளம்பிவிட்டார். மேனுவலில் பாதிப் பக்கம் காணோம். என் பெயர் மாரிக்கனி. ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பாலிடெக்னிக்கை மூன்றாம் செமஸ்டரில் விட்டேன். உட்கார்ந்து கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். மெஷின் முன்னால் மட்டும் உட்கார முடிகிறது. உங்களை நீ என்றே எழுதுகிறேன். கோபித்தால் கோபித்துக்கொள்.

முதல் விஷயம். வெட்டும் தலைக்குள் லென்ஸ் இருக்கிறது. அதற்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதுதான் கவர் கிளாஸ். உருகிய இரும்பு மேலே தெறித்தால் லென்ஸுக்குப் பதிலாக அது அடி வாங்கும். தினமும் காலையில் கழற்றிப் பார். கருப்புப் புள்ளி இருந்தால் லென்ஸ் பேப்பரில் ஸ்பிரிட் தொட்டு ஒரே திசையில் ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்காதே. வாயால் ஊதாதே, ஒரு பொட்டு எச்சில் போதும், லேசர் பட்டதும் கண்ணாடியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். கைரேகையும் அப்படித்தான். துடைத்தும் புள்ளி போகவில்லையா, கண்ணாடியைத் தூக்கிப் போடு. பாவம் பார்த்தால் லென்ஸ் போய்விடும்.

இரண்டாவது. வெட்டும்போது மெஷினை விட்டு நகராதே. சோறு ஆறட்டும், ரேடியோ கத்தட்டும். தகட்டின் ஒரு மூலை சூட்டில் எழும்பினால் தலை அதில் போய் மோதும். பக்கத்தில் நின்றால்தான் நிறுத்த முடியும்.

ஒரு பெட்டி கவர் கிளாஸ் கேட்டுத் தலைமை முகாமுக்கு எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை.

மார்ச் 2 | 16:15

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர். நான் வெட்டுகிறேன், ரொசாரியோ அண்ணன் ரோவர் ஓட்டுகிறார். தூத்துக்குடிக்காரர். விசைப்படகு ஓட்டியவர். இப்போது பனிக்குழியில் இருக்கிறார். நிலத்துக்கு அடியில் இருக்கிற பனியைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் இடம் அது. வரும் எட்டாம் தேதி திறப்பு விழா. நிலவு நீர் வாரியத் தலைவரும் துணைத் தலைவரும் பூமியிலிருந்து வருகிறார்கள். குவிமாடத்துக்குள் மேடை போடும் வேலை அண்ணனுக்கு.

பதிவான பேச்சு:

ரொசாரியோ: “ஏளா கனி, கேக்கா?”

நான்: “கேக்கு. சொல்லுங்க.”

ரொசாரியோ: “முன் சக்கரத்துத் தட்டுல முடி மாதிரி ஒரு கோடு ஓடுது. அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சேன். போகல.”

நான்: “அப்ப அது அழுக்கு இல்லண்ணே. விரிசல்.”

ரொசாரியோ: “அத நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்! புதுசு ஒண்ணு வெட்டிப் போடு. ஏழாம் தேதி அங்க வாரேன், மாட்டிக்கிடுவோம்.”

சக்கரத்தை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் தட்டு. எட்டு மில்லி இரும்பு. தடித்த இரும்பு தெறிக்கும், ஒரு கவர் கிளாஸ் போய்விடும். போகட்டும். நாளை வெட்டுகிறேன்.

மார்ச் 3 | 09:20

வெட்டவில்லை. தலைமை முகாமிலிருந்து மேலாளர் தணிகாசலம் சார்:

“கனி, ஒரு சின்ன வேலைம்மா. திறப்பு விழாவுக்குப் பெயர்ப் பலகை வேணும். பித்தளையில. ஆறு மில்லி. கையில தூக்கினா கனமா இருக்கணும்.”

நான்: “பித்தளை வேண்டாம் சார். ஸ்டீல்ல வெட்டி மஞ்சள் பெயின்ட் அடிச்சுத் தரேன். கேமராவுல வித்தியாசமே தெரியாது.”

தணிகாசலம்: “பித்தளை லேசரைத் திருப்பி அடிக்கும், அதானே? நானும் மெக்கானிக்கல் படிச்சவன்தாம்மா. ஆனா தலைவர் விரலால தட்டிப் பார்ப்பாரு. போன தடவை ஸ்டீல் வச்ச ஆளு இப்ப எங்க இருக்கான்னே தெரியல.”

நான்: “சக்கரத் தட்டு ஒண்ணு அவசரமா வெட்டணும் சார். ரெண்டே கண்ணாடிதான் இருக்கு.”

தணிகாசலம்: “நாளைக்குச் சரக்கு வருதும்மா. அதுவரைக்கும் இருக்கறதைத் தொடாதே. பலகைதான் முதல்ல.”

மார்ச் 4 | 13:05

சரக்குப் பெட்டி இறங்கியது. உள்ளே மூன்று பித்தளைத் தகடுகள். சிவப்புப் பட்டுத் திரை, கயிறு இழுத்தால் விலகுகிற மாதிரி தைத்தது. கத்தரிக்கோல். ரிப்பன்.

கவர் கிளாஸ் இல்லை. எடை கூடிவிட்டதாம். ஒரு பெட்டிக் கண்ணாடி என் செருப்பைவிட லேசு.

மார்ச் 5 | 18:30

முதல் பலகை முடிந்தது.

பித்தளை வெட்டாதே. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்தால் இதைப் படி. பளபளப்பைக் கொல். மேலே கருப்பு மை பூசு, காயட்டும். லேசரும் வாயுவும் வெளியே வரும் முனைதான் நாசில், அது நடுவில் இருக்கிறதா என்று பார். நாசில் வாயில் டேப் ஒட்டி லேசரை ஒரே ஒரு துடிப்பு விடு. டேப்பில் விழும் ஓட்டை நட்டநடுவில் இருக்க வேண்டும். நைட்ரஜன் அழுத்தம் முழுசாக வை. லேசர் நேரடியாகத் துளை போடும் இடம்தான் ஆபத்து. அங்கே ட்ரில்லால் ஓட்டை போட்டுவிட்டு அதிலிருந்து வெட்டத் தொடங்கு. பித்தளை ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். அது கேபிள் வழியாக ஏறி, ஒளி பிறக்கிற பெட்டிக்கே போய்விடும். அந்தப் பெட்டிக்கு சோர்ஸ் என்று பெயர். இந்தப் பழைய மெஷினின் சோர்ஸில் ஐந்து மாட்யூல், ஐந்தும் சேர்ந்து எரிந்தால்தான் முழுச் சக்தி. அப்படி ஒளி திரும்பினால் அலாரம் அடித்து மெஷின் தானாக நிற்கும். நிற்கட்டும். கை வைக்காதே.

எனக்கு ஒன்பது தடவை நின்றது. ஒன்பது தடவையும் காத்திருந்து மறுபடி ஓட்டினேன். எழுத்து சுத்தமாக வந்தது. கவர் கிளாஸில் ஒன்று காலி.

படம் அனுப்பினேன். பதில்:

“அருமைம்மா. ஆனா துணைத் தலைவர் பேர் சின்னதா இருக்கே. தலைவர் பேரோட முக்கால் அளவாவது வேணும். அவர் பி.ஏ. இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டாரு.”

மார்ச் 6 | 11:50

இரண்டாவது பலகை. துணைத் தலைவர் முக்கால் அளவு. மறுபடி பதில்:

“தலைவர் ஆபீஸ்ல பார்த்தாங்க. முக்கால் ரொம்பப் பெரிசாம். அரைக்கும் முக்காலுக்கும் நடுவுல வை. அப்புறம் தலைவர் பேருக்கு முன்னாடி ‘மாண்புமிகு’ விட்டுப் போச்சு. ஒரே ஒரு தடவைம்மா, இதோட சரி.”

நான்: “அலாரம் அடிச்சு அடிச்சு நிக்குது சார். இன்னிக்குள்ள முடியாது.”

தணிகாசலம்: “அலாரத்தை ஆஃப் பண்ணி ஓட்டேன். ஒரு நாளைக்குத்தானே. என் சொந்தப் பொறுப்பு, எழுதி வச்சுக்கோ.”

எழுதி வைத்துவிட்டேன்.

மார்ச் 6 | 19:10

மூன்றாவது பலகை முடிந்தது. கடைசி எழுத்தின்போது சோர்ஸ் பெட்டியிலிருந்து ‘டொப்’ என்று ஒரு சத்தம். அரிசி வறுக்கும்போது ஒரு மணி வெடிக்குமே, அந்த அளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னும் மூன்று ‘டொப்’.

ஐந்து மாட்யூலில் நான்கு போச்சு. ஒன்றுதான் எரிகிறது. கடைசிக் கவர் கிளாஸின் நடுவில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. துடைத்தேன். போகவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் மாற்ற வேறு இல்லை.

படம் அனுப்பினேன். பதில்: “சூப்பர்.”

பட்டுத் திரையில் சுற்றி வைத்திருக்கிறேன். இதையும் எடுத்துக்கொண்டு போகத்தான் நாளை அண்ணன் வருகிறார்.

மார்ச் 7 | 14:35

சக்கரத் தட்டு உடைந்துவிட்டது. பனிக்குழிக்கும் பட்டறைக்கும் நடுவில், சமதரையில் நிற்கிறார்.

ரொசாரியோ: “கோடு ரெண்டா போச்சு புள்ள. சக்கரம் தனியா கெடக்கு, வண்டி தனியா கெடக்கு.”

நான்: “காத்து எவ்வளவு இருக்கு?”

ரொசாரியோ: “கேபினுக்குள்ள நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வரும். நான் சுருட்டுப் பிடிக்கல பாரு, அதனால கொஞ்சம் கூடவே வரும்.”

நடந்து வரும் தூரம் இல்லை; விண்வெளி உடையில் அவ்வளவு காற்று கிடையாது. எனக்கு வேறு ரோவர் இல்லை. இருப்பது கழுதை. ஆள் இல்லாமல் தானே ஊர்ந்து போகும் சின்னச் சாமான் வண்டிக்கு அந்தப் பெயர். அது ஆளைச் சுமக்காது, தட்டைச் சுமக்கும்.

தலைமை முகாமைக் கூப்பிட்டேன்.

நான்: “ஹாப்பரை அனுப்புங்க சார். பறந்து போய் எடுத்துட்டு வந்துடலாம்.”

தணிகாசலம்: “அதுல ஒரு பயணத்துக்குத்தான் எரிபொருள் இருக்கும்மா. நாளைக்கு அவங்களை ஏத்திட்டுப் போகணும். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. விழா முடிஞ்ச கையோட குழியிலேயே நிரப்பி நேரா ரொசாரியோகிட்ட அனுப்பறேன்.”

நான்: “அதுக்குள்ள காத்து தீர்ந்துடும் சார்.”

தணிகாசலம்: “அதான் நீ இருக்கியே! தட்டு வெட்டத்தானே உன்னை அங்க வச்சிருக்கு? வெட்டி அனுப்பும்மா. ப்ளீஸ்.”

நல்ல நேரம் சென்னைக்குக் கணித்தது. இங்கே பதினான்கு நாள் பகல்.

மார்ச் 7 | 17:20

ஒரு மாட்யூலை வைத்து எட்டு மில்லி இரும்பு.

நைட்ரஜனை நிறுத்திவிட்டு ஆக்சிஜன் போட்டேன். ஆக்சிஜனில் இரும்பு தானே எரியும், லேசருக்குப் பாதி வேலை மிச்சம். நான் சுவாசிக்கிற குழாயிலிருந்துதான் எடுத்தேன். சக்தி குறைந்தால் நீயும் இதைச் செய்யலாம்; விண்வெளி உடை போட்டுக்கொண்டு செய். தகட்டின் ஓரத்திலிருந்தே தொடங்கினேன். வேகத்தை நத்தை மாதிரி வைத்தேன்.

வெட்டியது. ஒரு விரல் நீளம் சுத்தமாக வெட்டியது. கத்தினேன்.

அப்புறம் உருகியது கீழே இறங்காமல் தேங்கியது. மேலே தெறித்தது. கவர் கிளாஸ் பிளந்தது. நிறுத்துவதற்குள் லென்ஸிலும் ஒரு பொறி.

நிறுத்திவிட்டேன். தகட்டில் நகம் மாதிரி ஒரு வளைவு. அவ்வளவுதான் என் தட்டு.

ரம்பம் வைத்து அறுத்துப் பார்த்தேன். இது கவச இரும்பு, பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

மார்ச் 7 | 19:45

பட்டறையில் கனமாக, அளவுக்கு ஏற்றதாக இருக்கிற ஒரே தகடு அந்தப் பலகைதான். முதல் இரண்டையும் அப்போதே கீற்றாக நறுக்கிப் போட்டுவிட்டேன். இடைஞ்சல் என்று.

பித்தளை மிருது. ட்ரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஆறு போல்ட்டுக்கு ஆறு ஓட்டை, நடுவில் அச்சுக்குப் பெரிய ஓட்டை. தலைவர் பெயரின் நடு எழுத்துகள் போய்விட்டன. துணைத் தலைவர் முழுசாகவே போய்விட்டார்.

கழுதையில் ஏற்றி அனுப்பினேன்.

நான்: “அண்ணே, பித்தளை. இரும்பு இல்ல. ஞாபகம் வச்சுக்கோங்க. சமதரையில வாங்க, நடக்குற வேகம்தான். மேடு ஏறாதீங்க. ஏத்தத்துல முறுக்கு விழுந்தா கிழிஞ்சிடும்.”

ரொசாரியோ: “சரிளா, ஆத்தா. தலைவர் பேர் மேல ஏறி உக்காந்து மெதுவா வாரேன். இந்தக் குடுப்பினை யாருக்குக் கெடைக்கும்?”

சமதரைப் பாதையில் காலை பத்து மணிக்கு இங்கே வந்துவிடுவார். காற்று மிச்சம் இருக்கும்.

மார்ச் 8 | 05:30

கழுதை போய்ச் சேர்ந்தது. மாட்டிவிட்டார். ரோவர் நகர்கிறது. கம்ப்யூட்டர் திரையில் அவர் ரோவரின் புள்ளி என்னைப் பார்த்து ஊர்கிறது. டீ போட்டேன்.

மார்ச் 8 | 07:55

தணிகாசலம்: “கனி, பலகை எங்கம்மா?”

சொன்னேன்.

தணிகாசலம்: “சக்கரத்துலயா? பேர் இருக்கற பலகையையா?”

நான்: “ஆமா சார்.”

 அப்புறம் அழுகிற மாதிரி ஒரு குரல்:

“என்னைக் கொன்னுட்டம்மா நீ. சரி. சரி. திரையை மூடியே வச்சுக்கலாம், கயிறை இழுத்ததும் ஒரு செகண்ட் காட்டினா போதும். ஓட்டையில பூ வச்சுடலாம். ரொசாரியோவை லைன்ல போடு.”

போட்டிருக்கக் கூடாது. போட்டேன்.

தணிகாசலம்: “ரொசாரியோ, தம்பி, வண்டியைத் திருப்பு. பத்தரைக்குள்ள குழிக்கு வந்துடு.”

ரொசாரியோ: “நேரம் இல்லியே சார். சமதரையில போனா மத்தியானம் ஆயிடும்.”

தணிகாசலம்: “சரிவு வழியா வந்தா கிட்டதானே. நீ எத்தனை தடவை ஏறியிருக்கே! குழியில காத்து, சாப்பாடு எல்லாம் இருக்கு. வந்து இறங்கினதும் நாங்களே கழட்டிக்கறோம். என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன், இல்லன்னா நம்ம எல்லாரையும் அடுத்த கப்பல்ல ஏத்திடுவாங்க. இந்தப் பொண்ணையும் சேர்த்து.”

நான்: “அண்ணே, ஏறாதீங்க. நான் போறதுன்னா போறேன்.”

ரொசாரியோ: “சும்மா கெட கனி. ஊர்ல போய் என்ன செய்வ? மறுபடியும் காலேஜுக்கா போவ?” (சிரிப்பு) “கிட்டதான். உருட்டிட்டுப் போயிருவேன்.”

திரையில் புள்ளி நின்றது. திரும்பியது.

மார்ச் 8 | 09:48

ரொசாரியோ: “சரிவுல பாதி ஏறியாச்சு. தலைவர் ரொம்பக் கத்துதாரு புள்ள. கிரீச் கிரீச்னு.”

நான்: “நிறுத்துங்க. நிறுத்தி இறங்கிப் பாருங்க.”

ரொசாரியோ: “இங்க நிறுத்துனா பின்னால உருளும். இன்னும் கொஞ்சந்தான். உச்சி தெரி”

மார்ச் 8 | 10:20

புள்ளி அதே இடத்தில் இருக்கிறது.

அண்ணனையும் தலைமை முகாமையும் மாறி மாறிக் கூப்பிடுகிறேன். புள்ளி அதே இடத்தில் இருக்கிறது.

மார்ச் 8 | 10:34

ஜன்னல் வழியாக ஹாப்பர் போவதைப் பார்த்தேன். சரிவுக்கு மேலேயே பறந்தது. இறங்கவில்லை.

மார்ச் 8 | 11:15

விழாவை எல்லா முகாமுக்கும் நேரலையில் காட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். பலகை இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. தலைவர் விரலால் தட்டிப் பார்க்கவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை.

காகிதமே போதுமாயிருந்தது.

மார்ச் 8 | 13:50

ஹாப்பர் போய்ச் சேர்ந்தது. ரோவர் தலைகீழாகக் கிடந்ததாம். கேபின் கண்ணாடி உடைந்திருந்ததாம். பலகை நடுவில் கிழிந்திருந்ததாம், போல்ட் ஓட்டையிலிருந்து போல்ட் ஓட்டைக்கு.

கிழியும் என்று சொன்னேன். சொன்னது பதிவில் இருக்கிறது. இருந்து என்ன.

மார்ச் 9

மெஷினைத் தொடவில்லை. நீர் வெப்பம் பார்க்கவில்லை. அண்ணன் குவளை கழுவாமல் இருக்கிறது.

மார்ச் 10 | 09:05

தணிகாசலம்: “கனி, சாப்பிட்டியாம்மா? எனக்கும் தூக்கமே இல்ல. தலைவர் ரொம்ப வருத்தப்பட்டாரு. ரொசாரியோவுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கணும்னு அவரே சொன்னாரு. அவர் கிளம்பறதுக்குள்ள அவர் கையால திறக்கணும்.”

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

தணிகாசலம்: “பித்தளையிலேயே இருக்கட்டும். மேல ‘திறந்து வைத்தவர்’னு தலைவர் பேர். கீழ ரொசாரியோ. துணைத் தலைவர் பேரும் வரணும், அளவு உனக்குத் தெரியும்ல. ரொசாரியோ பேர் மட்டும் அவங்களை விடக் கொஞ்சம் சின்னதா போடு. தப்பா எடுத்துக்காதே, அதான் முறை.”

நான்: “கண்ணாடி இல்ல சார். மெஷின் செத்துப் போச்சு. ஒரு மாட்யூல்தான்.”

தணிகாசலம்: “வெட்ட வேணாம், கீறினா போதும். கண்ணாடி, லென்ஸ் எல்லாம் இப்பவே ஹாப்பர்ல அனுப்பறேன். ஒரு மணி நேரத்துல வந்துடும்.”

மார்ச் 10 | 10:10

ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டது. ஐம்பது நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று முறை எழுதிக் கேட்ட பெட்டி. பன்னிரண்டு கவர் கிளாஸ், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில். புது லென்ஸ். ஒரு பித்தளைத் தகடு. இன்னொரு பட்டுத் திரை, இது கருப்பு.

கை கழுவினேன். லென்ஸ் மாற்றினேன். கண்ணாடி போட்டேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. நாசிலில் டேப் ஒட்டிப் பார்த்தேன், ஓட்டை நட்டநடு. இந்த மெஷின் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 10 | 11:30

பித்தளையைப் பிரிக்கவில்லை. மூலையில் கிடக்கிறது. நீ வரும்போதும் அங்கேயேதான் கிடக்கும். வெட்டாதே.

அந்த எட்டு மில்லி இரும்பை எடுத்து மெஷின் மேஜையில் போட்டேன். நகம் மாதிரி வளைவு இருக்கிறதே, அதே தகடு. ரொசாரியோ என்று மட்டும். எழுத்து அளவு தகடு முழுக்க. மேலேயும் கீழேயும் இன்னொரு பெயர் நுழைய விரல்கடை இடம் விடவில்லை. ஒரு மாட்யூலால் ஆழமாகக் கீற முடியாது. அதனால் ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன். இருபது தடவை ஓட்டினால் விரலில் தட்டுப்படும். நூறு தடவை ஓட்டுவேன்.

இப்போது ‘ரொ’.

ரேடியோ கூப்பிடுகிறது. தணிகாசலம் சார்தான். நல்ல நேரம் ஏதாவது பார்த்திருப்பார்.

மறுபடி கூப்பிடுகிறது.

வெட்டும்போது மெஷினை விட்டு நகரக் கூடாது.